எண்பத்து மூன்று வயதுக் கல்லீரல்

சபெலாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அழுது வீங்கிய கண்ணோடு, கையில் கசங்கிய கைக்குட்டையோடு, அப்பா இனி இல்லை என்று கேட்டு ஒரு மணி நேரம்கூட ஆகாத நிலையில், அவள் வாய்விட்டுச் சிரித்தாள்.

"மன்னிச்சுக்கோங்க டாக்டர். எங்கப்பாவுக்கு எண்பத்து மூணு வயசு. அவரோட வேனை இரும்புக் கடைக்காரன்கூடச் சீண்ட மாட்டான். அவரோட உறுப்பை யாரு வாங்கிக்கப் போறாங்க?"

டாக்டர் உஷியா கோபித்துக்கொள்ளவில்லை. துறைமுகத்து ஆஸ்பத்திரியின் தீவிர சிகிச்சைப் பிரிவில் பதினைந்து வருடமாக இருப்பவர் அவர். உறுப்பு தானத்துக்கு ஏற்பாடு செய்யும் பொறுப்பும் அவருடையதுதான். இந்தக் கேள்வியைக் கேட்டு எத்தனையோ பேர் அழுது பார்த்திருக்கிறார், கத்திப் பார்த்திருக்கிறார். சிரித்தவர்களும் உண்டு.

"இதயம் வேண்டாம். சிறுநீரகமும் தேறாது. ஆனா கல்லீரல் கதை வேற. அது மனுஷனோட சேர்ந்து கிழடாகாது. போன வருஷம் எண்பத்தாறு வயசு அம்மா ஒருத்தங்களோட கல்லீரல் இங்கிருந்து போச்சு. இன்னிக்கும் நல்லா வேலை செய்யுது."

சபெலாவின் சிரிப்பு நின்றது.

"காத்திருக்கிறவங்க நிறைய. விபத்துல போற சின்ன வயசுக்காரங்க இப்போ குறைவு, அது நல்லதுதான். அதனால பெரியவங்ககிட்டயும் கேக்கறோம். முன்னாடி கேக்காம விட்டோமேன்னு இருக்கு. சட்டம் என்ன சொன்னாலும் சரி, வீட்டு மனுஷங்க சம்மதம் இல்லாம நான் தொட மாட்டேன். அப்பா இதைப்பத்தி எப்பவாவது பேசியிருக்காரா?"

"அவர் பேசுவார். நான்தான் கேட்டதில்லை," என்றாள் சபெலா.

உண்மை அதுதான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அப்பாவிடமிருந்து போன் வந்தது. வழக்கம்போலத் தெல்ஃபினாவின் மதுக்கடையிலிருந்து. அந்த இரைச்சலும் பாட்டும் காதில் விழுவதற்கு முன்பே அவளுக்கு எரிச்சல் வந்துவிடும். எடுக்கவில்லை. சாயங்காலம் படகுத்துறைப் படிக்கட்டில் அப்பா எலாதியோ சரிந்து விழுந்தார். மூளைக்குள் ரத்தக் கசிவு. இரண்டு நாள் வெண்டிலேட்டரில் இருந்தார். செவ்வாய்க்கிழமை காலை, மூளைச்சாவு என்று மூன்று டாக்டர்கள் கையெழுத்துப் போட்டார்கள்.

எடுக்காத அந்தப் போனுக்குப் பதிலாக இப்போது அப்பாவுக்காக ஏதாவது ஒன்று செய்தாக வேண்டும் போலிருந்தது. வெறும் பூமாலையும் சவப்பெட்டியும் போதாது.

"சம்மதம்," என்றாள். "எடுத்துக்கோங்க. யாருக்காவது ஆகட்டும். தயவுசெஞ்சு ஆகட்டும்."

உஷியா படிவத்தை எடுத்தார். பழைய நோய்கள், மாத்திரைகள், சிகரெட் என்று கேட்டுக்கொண்டே வந்தவர் அடுத்த கேள்வியில் நிமிர்ந்தார்.

"மது?"

சபெலா கைக்குட்டையை மடித்தாள், பிரித்தாள்.

"அம்மா போனப்போ எனக்குப் பன்னெண்டு வயசு. அதுக்கப்புறம் தினம் சாயங்காலம் தெல்ஃபினா கடையிலருந்து இவரைக் கூட்டிட்டு வர்றதுதான் என் வேலை. இருபத்து மூணு வயசுல வெளிநாட்டுக்கு, லொசானுக்கு ஓட்டல் வேலைக்குப் போயிட்டேன். திரும்பி வந்து ரெண்டு வருஷம்தான் ஆகுது. டவுன்ல தனி வீடு. அந்தக் கடை வாசல்ல மட்டும் நான் மறுபடி கால் வைக்கலை. இப்போ எவ்வளவு குடிப்பார்னு அவர் கூட்டாளிகளைத்தான் கேக்கணும்."

கூட்டாளிகளுக்குப் பஞ்சமில்லை. காத்திருக்கும் அறையில் பாதித் துறைமுகமே உட்கார்ந்திருந்தது. நனைந்த மழைக்கோட்டுகளின் வாடை. ஜன்னல் மேடையில் யாரோ கொண்டுவந்த, மீன் அடைத்துச் சுட்ட எம்பனாடா ரொட்டி, பாதி தின்ற நிலையில். படகு எஞ்சின் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்ற லிசார்தோ முன்வரிசையில் இருந்தார். பக்கத்தில் அமாரோ, எலாதியோவோடு நாற்பது வருடம் சிப்பி வளர்க்கும் மிதவையில் வேலை செய்தவர். மூலையில் மதுக்கடைக்காரி தெல்ஃபினா, மடியில் சூப் வாளியைக் கட்டிப்பிடித்தபடி.

"ஒரு விஷயம் தெரியணும்," என்றார் உஷியா. "எலாதியோ குடிப்பாரா?"

லிசார்தோ தொப்பியைக் கழற்றிவிட்டு எழுந்தார். இறந்தவருக்கு மரியாதை செய்ய ஒரு வாய்ப்பு கிடைத்துவிட்ட முகம்.

"என்ன கேள்வி டாக்டர் இது? எலாதியோ ஆம்பளை!"

"தினமும் எவ்வளவு?"

"எட்டுக் கிண்ணம் நாட்டு ஒயின்."

"எட்டா?" அமாரோ கொதித்தார். "பன்னெண்டுக்குக் குறையாது. போன மனுஷனைப் போய்க் குறைச்சுப் பேசறியேடா!"

"சரி, பன்னெண்டு. எழுதிக்கோங்க டாக்டர். திருவிழான்னா அந்தக் கணக்கும் கிடையாது."

"நாங்க எல்லாரும் மேஜையில சாஞ்சு கிடப்போம். அவன் மட்டும் கல்லு மாதிரி நிப்பான். நாக்குக் குழறாது, கை நடுங்காது. எங்களை வேன்ல ஏத்தி வீடு வீடா இறக்கி விடறதே அவன்தான்!"

உஷியாவின் பேனா நின்றது. "அவரா ஓட்டுவார்?"

"பின்னே? ஒருதடவை போலீஸ்காரன் பாலத்துல நிறுத்தி ஊதச் சொன்னான். இவன் ஊதினான். மிஷின் பூஜ்யம் காட்டுச்சு!" லிசார்தோ சுற்றுமுற்றும் பார்த்தார். "மிஷினே மிரண்டு போச்சு டாக்டர்! அப்பேர்ப்பட்ட உடம்பு!"

அறையே தலையாட்டியது. இரண்டு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். சபெலாவுக்கோ அத்தனை பேரையும் வரிசையாக நிறுத்தி அறையலாம் போலிருந்தது.

வெளியே நடைபாதையில் உஷியா ஒளிக்காமல் சொன்னார். "நகரத்துலருந்து அறுவை சிகிச்சைக் குழு வரணும். புறப்படறதுக்கு முன்னாடி போன்ல முதல்ல கேக்கறது வயசு. அடுத்தது குடி. எண்பத்து மூணு, தினம் பன்னெண்டு கிண்ணம்னு சொன்னா அவங்க வர மாட்டாங்க. அவங்க மேலயும் தப்பில்லை."

"அவ்வளவுதானா?"

"ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் வரட்டும். அதுவரைக்கும் நான் யாருக்கும் போன் பண்ணலை."

சபெலா காபி இயந்திரத்துக்கு எதிரில் இருந்த பெஞ்சில் உட்கார்ந்தாள். கடைசியில் இதையும் குடித்தே அழித்துவிட்டாரா? அவள் ஊரை விட்டுப் போன அன்றும் இப்படித்தான். பஸ் காலை ஏழரைக்கு. வழியனுப்ப வருகிறேன் என்று அப்பா சத்தியம் செய்திருந்தார். பெட்டியோடு ஜன்னலோரம் உட்கார்ந்து, பஸ் திருப்பத்தில் மறையும்வரை கழுத்தைத் திருப்பிப் பார்த்தாள். அவர் வரவில்லை. அதற்குப் பிறகு ஒவ்வோர் ஆகஸ்டிலும் விடுமுறைக்கு வந்தபோதெல்லாம் அவள் சாப்பாட்டு மேஜையில் ஒயின் பாட்டில் வைக்க விட்டதே இல்லை. அவரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

முக்கால் மணி நேரத்தில் உஷியா திரும்பி வந்தார், கையில் காகிதங்களோடு.

"சபெலா, யாரோ பொய் சொல்றாங்க. ஒண்ணு உங்கப்பாவோட ரத்தம், இல்லை அவரோட கூட்டாளிகள். இந்த ரிசல்ட் என்னோடதைவிட நல்லாருக்கு. ஸ்கேன்ல கல்லீரல் சுத்தமா இருக்கு. குடிக்கிறவர் ரத்தம் இப்படி இருக்காது. ஆனா அத்தனை பேர் சொன்னதைக் குழுகிட்ட மறைக்கவும் எனக்கு மனசு வராது. அவரைத் தினமும் பார்த்த, நிதானத்துல இருக்கிற ஆள் யாராவது உண்டா?"

"நான் இருக்கேன்," என்றது ஒரு குரல்.

தெல்ஃபினா. சூப் வாளியை இன்னும் கீழே வைக்கவில்லை. எழுபத்தைந்து வயதில் இரும்புக் கம்பிபோல இருப்பவள், சுவரில் சாய்ந்து நின்றாள்.

"உள்ள எதுக்குப் பேசாம இருந்தீங்க தெல்ஃபினாம்மா?"

"உங்கப்பனுக்கு வாக்குக் கொடுத்திருக்கேன் பொண்ணே. எங்கம்மா ஆத்மா மேல சத்தியம்." டாக்டரைப் பார்த்தாள். "நான் வாயைத் திறந்தா யாருக்காவது உயிர் கிடைக்குமா? நிச்சயமா?"

"நிச்சயம்னு சொல்ல முடியாது. நீங்க திறக்கலைன்னா கிடைக்காது."

தெல்ஃபினா வாளியைப் பெஞ்சில் வைத்தாள். சபெலாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அவன் கிண்ணத்துல ஒயினே கிடையாது. முப்பத்தோரு வருஷமா நான் ஊத்தினது வெறும் திராட்சைச் சாறு."

காபி இயந்திரம் மட்டும் உறுமியது.

"வெள்ளைப் பீங்கான் கிண்ணம். கறுப்பா, சிவப்பா ஏதாவது ஊத்தினா எவனுக்குத் தெரியும்? கண்ணாடி டம்ளரா இருந்தா மாட்டியிருப்பான். அவனுக்குன்னு அடுக்களையில தனி ஜாடி. எவனாவது கிண்ணத்தை மாத்தி எடுத்துடக் கூடாதுன்னு அடியில நகப்பூச்சால ஒரு பொட்டு வெச்சிருந்தேன்."

"முப்பத்தோரு வருஷமா?" சபெலா அவள் பக்கம் திரும்பினாள்.

"நீ பஸ் ஏறின அன்னிக்கு. முந்தின ராத்திரி முழுக்கக் குடிச்சுட்டு என் கடை பெஞ்சுலயே தூங்கிட்டான். எட்டு மணிக்கு முழிச்சு, செருப்புகூடப் போடாம பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினான். திரும்பி வந்து கிண்ணத்தைக் கவுத்து வெச்சான். 'தெல்ஃபினா, இனிமே இதுல சாறு ஊத்து. எவன்கிட்டயும் மூச்சு விடாதே'ன்னான்."

"என்கிட்ட ஏன் சொல்லலை? என்கிட்டயாவது!"

"நான் கேக்காமலா? 'அவகிட்ட ஏழு தடவை சத்தியம் பண்ணியிருக்கேன். ஏழு தடவையும் மீறியிருக்கேன். எட்டாவது தடவை சொல்ல மாட்டேன், செஞ்சு காட்டறேன். ஒரு வருஷம் போகட்டும்'னான். ஒரு வருஷம் போச்சு. ஆகஸ்ட்ல நீ வந்தே. மேஜையிலருந்து பாட்டிலைத் தூக்கி உள்ள வெச்சே. அவனுக்கு நாக்கு எழும்பலை. அடுத்த வருஷம் சொல்றேன்னான். அப்புறம் அதுவே பழகிப் போச்சு. பசங்க நடுவுல பெரிய குடிகாரன்னு பேர் வேற. அந்தப் பேர் அவனுக்குப் பிடிச்சிருந்துச்சு, அதையும் சொல்லணும்."

சபெலா அழுதாள். இந்த அழுகை காலையில் வந்ததைப்போல இல்லை.

"அந்தப் பாட்டு? போன் பண்றப்போல்லாம் பாடுவாரே?"

"பாட்டுக்கு ஒயின் எதுக்கு? அவன் பிறவிக் கத்தல்காரன். ஞாயித்துக்கிழமை எதுக்குக் கூப்பிட்டான் தெரியுமா? நான் கறியும் காயும் போட்டு கோசிதோ வெச்சிருந்தேன். 'சபெலா வந்தாலும் வருவா, ஒரு தட்டு எடுத்து வை'ன்னான்." தெல்ஃபினா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "எடுத்து வெச்சிருந்தேன் பொண்ணே. அவன் வாராவாரம் சொல்லுவான். நானும் வாராவாரம் எடுத்து வெப்பேன்."

உஷியா ஏற்கனவே போனில் இருந்தார். "எண்பத்து மூணு. இல்லை, இல்லை, குடிப்பழக்கம் இல்லை. முப்பத்தோரு வருஷமா ஒரு சொட்டுக்கூட இல்லை. சாட்சி இருக்கு. நல்ல சாட்சி. ஊத்திக் கொடுத்தவங்களே சொல்றாங்க." கொஞ்ச நேரம் கேட்டார். "வர்றீங்களா? நாலு மணிக்கு. சரி."

போனை வைத்துவிட்டு சபெலாவிடம் திரும்பினார். "வயிற்றைத் திறந்து கண்ணால பார்த்து, ஒரு துணுக்கு எடுத்துச் சோதிச்ச பிறகுதான் முடிவு. ஆனா வர்றாங்க."

விஷயம் காத்திருக்கும் அறைக்குள் நுழைந்தது. இடி விழுந்ததுபோல ஆயிற்று.

"சாறா?" என்றார் லிசார்தோ. "பன்னெண்டு கிண்ணம் சாறா?"

"அயோக்கியன்! என் கல்யாண நாள்ல 'யாரு அதிகம் குடிக்கிறது'ன்னு பந்தயம் வெச்சு என்னைக் கவுத்தானே!"

"அப்போ மிஷின் மிரளலையா?"

"மிஷின் சரியாத்தான் இருந்துச்சுடா மடையா. நாமதான் ரிப்பேரு."

ஒருவர் சிரிக்க ஆரம்பித்தார். அது அறை முழுக்கப் பரவியது. நர்ஸ் வந்து உதட்டில் விரல் வைத்தாள். வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் நீர் வழிய, தோள் குலுங்கச் சிரித்தார்கள். அமாரோ திடீரென்று நிறுத்தினார்.

"அப்போ முப்பது வருஷமா நம்மளை உசுரோட வீட்டுல கொண்டு சேர்த்தது அவன்தான்," என்றார் மெதுவாக. "அந்தப் பாலத்து வளைவுல நான் ஓட்டியிருந்தா என்ன ஆயிருக்கும்னு நினைச்சுப் பாரு."

லிசார்தோ தொப்பியைத் தலையில் வைத்தார். மறுபடி கழற்றினார். பிறகு சபெலாவிடம் வந்து, அவள் இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டார்.

நாலு மணிக்கு முன்னால் சபெலாவை உள்ளே விட்டார்கள். அப்பாவின் மார்பு இயந்திரத்தின் தாளத்துக்கு ஏறி இறங்கியது. அவர் கேட்க மாட்டார் என்று உஷியா தெளிவாகவே சொல்லியிருந்தார். அது அவளுக்கும் தெரியும். ஆனாலும் குனிந்து காதருகில் பேசினாள்.

"திருட்டு அப்பா. எட்டாவது சத்தியத்தைக் காப்பாத்திட்டீங்க. நான்தான் வந்து பார்க்கலை." நரைத்த புருவத்தைக் கட்டைவிரலால் நீவிவிட்டாள். "நன்றிப்பா."

பிறகு காத்திருந்தார்கள். ஒருவரும் வீட்டுக்குப் போகவில்லை. தெல்ஃபினா சூப்பைப் பிளாஸ்டிக் கோப்பைகளில் ஊற்றிக் கொடுத்தாள். நகரத்திலிருந்து பச்சை உடைக்காரர்கள் நாலு பேர் மழையில் ஓடி வந்து லிஃப்டில் ஏறியபோது எல்லோரும் எழுந்து நின்றார்கள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. சூப் கோப்பையைக் கையில் பிடித்தபடியே நின்றார்கள்.

ஐந்தானது. ஆறானது. ஆறரைக்கு உஷியா வந்தார். முகமூடியைக் கழற்றிய முகத்தில் அதன் தடம் இருந்தது.

"நல்லா இருக்கு," என்றார். "அறுவை சிகிச்சை டாக்டர் பார்த்துட்டு, வயசை மறுபடி கேட்டார். நம்பலை. ஆளு காத்துட்டு இருக்காங்க. இப்போ கிளம்புது."

ஜன்னலுக்குக் கீழே ஆம்புலன்ஸ் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. நீலப் பெட்டி ஒன்று உள்ளே போனதை சபெலா பார்த்தாள். திருப்பத்தில் விளக்கு மறையும்வரை கழுத்தைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே நின்றாள். இந்தத் தடவை வழியனுப்ப அவள் வந்திருந்தாள்.

"டாக்டர், உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னு தெரியலை."

"நீங்களா எனக்கு? நாங்க சொல்லணும்மா," என்றார் உஷியா. சபெலாவை இழுத்துக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

மூன்று வாரம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சபெலா தெல்ஃபினாவின் கடையில் உட்கார்ந்து கோசிதோ சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. சுற்றிலும் இரைச்சல். ஒரு காதைப் பொத்திக்கொண்டு எடுத்தாள். டாக்டர் உஷியா.

"பேர், ஊர், ஆணா பெண்ணா எதுவும் சொல்லக் கூடாது. சட்டம் விடாது. ஒண்ணு மட்டும் சொல்லலாம். நேத்து வீட்டுக்குப் போயாச்சு. நடந்தே போனாங்களாம்."

சபெலா கரண்டியைக் கீழே வைத்தாள். கடை மொத்தமும் அமைதியாகி அவள் வாயையே பார்த்தது. அவள் தலையை ஆட்டினாள். லிசார்தோ மேஜையில் ஓங்கி ஒரு குத்து விட்டார்.

"டாக்டர், அவங்களுக்கு ஒரு சேதி சொல்ல முடியுமா? பேர் இல்லாமத்தான்."

"சொல்லுங்க."

"அந்தக் கல்லீரலுக்கு ஒயின் மட்டும் காட்டிட வேண்டாம். பழக்கம் விட்டுப்போய் முப்பத்தோரு வருஷம் ஆச்சு."

மறுமுனையில் உஷியா சிரித்தார். "அதை நாங்க எல்லார்கிட்டயும் சொல்றதுதான். இந்தத் தடவை ரெண்டு தடவை சொல்றேன்."

சாயங்காலம் ஆறு மணிக்கு லிசார்தோவால் எழுந்து நிற்க முடியவில்லை. அமாரோ எழுந்து நின்றார், ஆனால் எந்தப் பக்கம் போவதென்று அவருக்குத் தெரியவில்லை. சபெலா தன் முன்னால் இருந்த வெள்ளைக் கிண்ணத்தைத் தூக்கி, கடைசி மடக்குத் திராட்சைச் சாற்றைக் குடித்து முடித்தாள். கிண்ணத்தின் அடியில் சிவப்புப் பொட்டு பாதி அழிந்திருந்தது. கதவோரம் ஆணியில் தொங்கிய அப்பாவின் வேன் சாவியை எடுத்தாள்.

"கிளம்புங்க மாமா. அமாரோ மாமா, அந்தப் பக்கம் கழிவறை, இந்தப் பக்கம் வாசல். எல்லாரும் வண்டியில ஏறுங்க. பாடறவங்க பின்னாடி உக்காருங்க."